அம்பத்தூரில் தேங்கிய தண்ணீர், பீன்யாவில் மூழ்கிய கணக்கு

பெங்களூரு பீன்யாவில் எனக்கு ஒரு சிறிய பட்டறை இருக்கிறது. பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். வாணியம்பாடியிலிருந்து லேத் ஆபரேட்டராக வந்த அப்பா, வாடகைக் கொட்டகையில் ஒரே ஒரு லேத்தோடு தொடங்கியது. அவர் போன பிறகு ஒன்பது ஆண்டுகளாக நான்தான் நடத்துகிறேன். இயந்திரங்களில் எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஹைட்ராலிக் வால்வுக்குள் முன்னும் பின்னும் ஓடும் ஸ்பூல் என்கிற தண்டுதான் எங்களின் முக்கியச் சரக்கு. கட்டைவிரலைவிடச் சற்றுத் தடிமன், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம். கம்பியைக் கடைந்து, ஹீட் ட்ரீட்மென்ட் கொடுத்து (உலையில் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்கி), மறுபடி கிரைண்டிங்கில் தேய்த்து, மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் அளந்து அனுப்ப வேண்டும். கடைசலும் கிரைண்டிங்கும் என் கூரையின் கீழ் நடக்கின்றன. நடுவில் உள்ள ஹீட் ட்ரீட்மென்ட் மட்டும் 350 கிலோமீட்டர் தள்ளி, சென்னை அம்பத்தூரில். பீன்யாவிலேயே எத்தனையோ உலைகள் இருக்கும்போது ஏன் அங்கே என்று கேட்பீர்கள். எங்களிடம் வாங்கும் நிறுவனத்தின் தரப் பிரிவு பல ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஒரு கூடத்தைத்தான் ஆய்வு செய்து ஒப்புக்கொண்டிருந்தது. உலையை மாற்ற வேண்டுமென்றால் மாதிரி, சோதனை, ஆவணம் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து கொடுக்க வேண்டும். அந்த வேலைக்கு அப்பாவும் நேரம் ஒதுக்கவில்லை, நானும் ஒதுக்கவில்லை.

2023 அக்டோபரில் அதே நிறுவனத்திடமிருந்து ஒரு கேள்வித்தாள் வந்தது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றி ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்க வேண்டும் என்ற, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதியால், இப்போது இத்தகைய தாள்கள் எங்களைப் போன்ற சிறியவர்கள் வரை இறங்கி வருகின்றன. அதில் ஒரு கேள்வி: ‘உங்கள் உற்பத்திக்கு வெள்ளம், வறட்சி, வெப்பம் ஆகியவற்றால் ஆபத்து உண்டா?’ பீன்யா மேட்டில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோட்டில் டிராக்டரில் ஏறி ஆட்கள் அலுவலகம் போனபோதுகூட என் பட்டறை வாசலில் தண்ணீர் நிற்கவில்லை. ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. அந்தக் குறியைப் பற்றிப் பின்னாளில் எத்தனையோ இரவுகள் நினைத்திருக்கிறேன்.

நவம்பர் கடைசி வாரத்தில் 4,200 ஸ்பூல்களை ஒரே லாரியில் அம்பத்தூருக்கு அனுப்பினேன். இரண்டு தடவையாக அனுப்பினால் இரண்டு லாரி வாடகை. ஆண்டிறுதி ஆர்டர் பெரியது என்பதால் ஒரே நடையாக முடித்துக் காசை மிச்சம் பிடித்ததாக நினைத்தேன். டிசம்பர் 6ஆம் தேதி சரக்கு திரும்ப வேண்டும். 1ஆம் தேதி முதலே வங்கக்கடலில் உருவாகும் புயல் பற்றி வானிலை ஆய்வு மையம் எச்சரித்துக்கொண்டிருந்தது. 2ஆம் தேதி சனிக்கிழமை மாலை தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். முடிந்த சரக்கு 1,100 இருக்கிறது என்று அன்று காலைதான் ஹீட் ட்ரீட்மென்ட் கூடத்தை நடத்தும் அண்ணன் தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஒரு வண்டி பிடித்து அதையாவது அன்றிரவே கிளப்பியிருக்கலாம். 14,000 ரூபாய் ஆகியிருக்கும். அந்த எண்ணமே எனக்கு வரவில்லை. புயல் சென்னைக்கு வருகிறது, நான் பெங்களூரில் இருக்கிறேன், அவ்வளவுதான்.

3ஆம் தேதி இரவும் 4ஆம் தேதி திங்கள் முழுவதும் மிக்ஜாம் புயல் கரைக்கு அருகே நகர்ந்தபடியே சென்னையில் மழையைக் கொட்டியது. அது கரையைக் கடந்தது மறுநாள், ஆந்திராவின் பாபட்லா அருகே. அதற்குள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் ஏறிவிட்டது. அண்ணனின் கைபேசி அணைந்திருந்தது. கூடத்தின் எண்ணும் எடுக்கப்படவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை யாரோ ஒருவருடைய எண்ணிலிருந்து அழைத்தார். “தரைக்குள் இருக்கும் குழி உலைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது அம்மா. ஆட்கள் பத்திரம். சரக்கைப் பற்றி இப்போது எதுவும் கேட்காதே” என்றார். அவர் இருபது ஆண்டுகளாக அப்பாவுக்குப் பழக்கம். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

அடுத்து நான் செய்ததுதான் மிகப் பெரிய தவறு. எங்களிடம் வாங்கும் நிறுவனத்துக்கு மூன்று நாள் எதுவும் சொல்லவில்லை. பயம். சொன்னால் ஆர்டர் போய்விடும், எப்படியாவது சமாளித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர்கள் அனுப்பிய வழக்கமான நினைவூட்டலுக்கு ‘சரக்கு வழியில் இருக்கிறது’ என்றுகூடப் பதில் எழுதினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதினேன். வெள்ளிக்கிழமைதான் உண்மையைச் சொன்னேன். பர்ச்சேஸ் மேலாளர் கோபப்படவில்லை. “திங்களன்றே சொல்லியிருந்தால் வேறு மாடலை முன்னால் ஓட்டியிருப்போம் மேடம். இப்போது திட்டம் போட்டாயிற்று” என்றார். அவர்களுடைய அசெம்பிளி லைன் இரண்டு நாள் நின்றது. அதற்காக எங்களுக்குத் தர வேண்டிய பணத்தில் பிடித்தம் செய்த டெபிட் நோட் 3,40,000 ரூபாய். பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தைப் பொடி எழுத்தோடு அன்றுதான் முதன்முறையாக முழுவதும் படித்தேன். இயற்கைச் சீற்றத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் நிகழ்ந்த 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. உங்கள் ஆர்டரிலும் இப்படி ஒரு வரி இருக்கக்கூடும். இன்றே எடுத்துப் படித்துவிடுங்கள். விலக்கே இல்லாத ஆர்டர்களும் உண்டு. அதைக் கையெழுத்துப் போடும்போதே கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கெட்ட செய்தியை முதல் நாளே, முழுதாகத் தெரியாவிட்டாலும், தெரிந்த அளவுக்கு மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். கைபேசியில் சொல்வது சாட்சியாகாது.

7ஆம் தேதி காலை நான் மட்டும் அம்பத்தூர் போய்ச் சேர்ந்தேன். தெருவில் முழங்காலுக்குக் கீழே கறுத்த தண்ணீர். ஹீட் ட்ரீட்மென்ட் கூடத்தில் சூடான பாகங்களை முக்கிக் குளிர வைக்கும் எண்ணெய்த் தொட்டி உண்டு. அந்த எண்ணெய் மிதந்து வந்து சுவரெல்லாம் பட்டையாக ஒட்டியிருந்தது. தண்ணீர் வடிய வடிய அது சரக்கு வைக்கும் ஒவ்வொரு கிரேட்டின் (பெட்டியின்) மேலும் படிந்திருந்தது. என் ஸ்பூல்களில் ஒன்றை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். எண்ணெய் பட்ட பக்கம் பளபளப்பாக இருந்தது. அடிப்பக்கம் சேற்றில் கிடந்த இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி சிறு சிறு குழிகள். கிரைண்டிங்கில் எடுப்பதற்கென்று நாங்கள் விட்டிருப்பது விட்டத்தில் 0.3 மில்லிமீட்டர், அதாவது ஒரு பக்கத்துக்கு 0.15. துரு அதைவிட ஆழமாக இறங்கியிருந்தால் அந்தத் தண்டு பழைய இரும்புதான். நகத்தால் வருடிப் பார்த்தேன். நகம் குழியில் மாட்டியது.

அண்ணனின் அலுவலக அறையில்தான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். அலமாரி ஒன்று ஈரத்தில் உப்பிச் சாய்ந்து கிடந்தது. அது மறைத்திருந்த சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு, பக்கத்தில் ‘2015 டிசம்பர்’ என்று எழுத்து. புதிய கறை அதற்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. அதே அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு முறை காபி குடித்திருக்கிறேன். விலை பேசினேன், தேதி பேசினேன், கடினத்தன்மை அறிக்கை கேட்டேன். “இங்கே எப்போதாவது தண்ணீர் வந்ததா, எதுவரை வந்தது?” என்று ஒரு தடவை கேட்டிருந்தால் அவர் அலமாரியை நகர்த்தியே காட்டியிருப்பார். இப்போது யாருக்கு வேலை கொடுத்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான். அடுத்து, என் கிரேட்டுகள் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கும், பக்கத்தில் உள்ள கால்வாய் எது, மின்சாரம் போனால் பம்ப் எதில் ஓடும் என்று கேட்கிறேன். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

2011 கடைசியில் பட்டறைக்குக் கணினி வாங்க அப்பாவோடு பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்குப் போனது அன்று திரும்பும் வழியில் நினைவுக்கு வந்தது. ஹார்ட் டிஸ்க் விலை திடீரென்று தாறுமாறாக ஏறியிருந்தது. தாய்லாந்தில் வெள்ளம் என்றார் கடைக்காரர். அங்கே தொழிற்பேட்டைகள் மூழ்கி, ஹோண்டா நிறுவனம் தண்ணீரில் கிடந்த 1,055 புதிய கார்களை அழித்தது என்று பின்னால் படித்தேன். எங்கோ பெய்த மழைக்கு எஸ்.பி. ரோட்டில் பணம் கொடுத்தும், அது எனக்குப் பாடமாகவில்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. கடலும் சூடாகிறது. அதனால் மழை பெய்யும்போது முன்பைவிடக் கனமாகக் கொட்டுகிறது. 2015இன் கோட்டை நூறாண்டுக்கு ஒருமுறை வருவது என்று நினைத்தவர்கள் எட்டே ஆண்டில் அதன் பக்கத்தில் இன்னொரு கோடு போட வேண்டியதாயிற்று.

சரக்கைக் காப்பாற்றுவதில் ஒரு விஷயம் யாரும் சொல்லித் தராமல் கற்றேன். தண்ணீரில் மூழ்கிய எஃகு, தண்ணீருக்குள் இருக்கும்போதைவிட வெளியே எடுத்து ஈரத்தோடு காற்றில் விட்ட பிறகுதான் வேகமாகத் துருப்பிடிக்கிறது. எடுத்த உடனே நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, ஊதிக் காயவைத்து, துருத்தடுப்பு எண்ணெயில் முக்க வேண்டும். இரண்டு பீப்பாய் எண்ணெயோடு எங்கள் ஃபோர்மேன் வந்து சேர மேலும் ஒன்றரை நாள் ஆயிற்று. நான் போகும்போதே கொண்டுபோயிருந்தால் இன்னும் சில நூறு தேறியிருக்கும். மொத்தம் தேறியது 1,600. மீதி 2,600 போயிற்று. அந்தக் கட்டத்தில் ஒன்றின் அடக்கம் 310 ரூபாய் என்றால் 8,06,000. பழைய இரும்பாக விற்றதில் 53,000 வந்தது.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். தீ பாலிசி என்று நாம் சொல்வதில் புயலும் வெள்ளமும் சேர்ந்தே வருகின்றன. 2021 ஏப்ரல் முதல், காப்பீட்டு மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ள தொழில்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்றும், அதற்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா என்றும் பொதுவான பாலிசிகள் இருக்கின்றன. என்னிடமும் பாலிசி இருந்தது. ஆனால் அதில் எழுதியிருந்த முகவரி பீன்யா மட்டும். வெளியே வேலைக்கு அனுப்பிய சரக்குக்கு இருந்த வரம்பு மிகச் சிறியது. கையில் வந்தது 1,10,000. அதுவும் சரக்கோடு அனுப்பும் சலான் சீட்டு ஒவ்வொன்றும் எண்ணிக்கையோடு சரியாக இருந்ததாலும், இழப்பை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒரு கிரேட்டைக்கூட அப்புறப்படுத்தாமல் படம் எடுத்து வைத்திருந்ததாலும் வந்தது. இப்போது பாலிசியில் சரக்கை வெளியே வேலைக்கு அனுப்பும் (ஜாப் ஒர்க்) மூன்று முகவரிகளையும், ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் எவ்வளவு சரக்கு கிடக்கும் என்பதையும் எழுத வைத்திருக்கிறேன். கூடுதல் பிரீமியம் நான் பயந்த அளவுக்கு இல்லை. சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டிப் பிரீமியம் மிச்சம் பிடிக்காதீர்கள், இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும். வேலை நின்றதால் போகும் லாபத்துக்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். சப்ளையரின் இடம் மூழ்கி நமக்கு வேலை நின்றாலும் அதில் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்காவிட்டால் ஏஜென்ட் சொல்ல மாட்டார்.

ஜிஎஸ்டியிலும் ஓர் அடி விழுந்தது. அழிந்துபோன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையை, அதாவது மூலப்பொருள் வாங்கியபோது கொடுத்த வரியில் கழித்துக்கொண்டதை, திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னபோது முதலில் நம்பவில்லை. சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. அது ஒரு 49,000. போக்குவரத்து, ஓவர்டைம், புது உலைக்கான சோதனைச் செலவு என்று இன்னும் 1,60,000. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் ஏறத்தாழ 12 லட்சம். எங்கள் ஒரு வருட லாபத்தில் முக்கால் பங்கு. ஆனால் கணக்கில் வராதது வேறு. பீன்யாவிலேயே இன்னொரு உலைக்கு ஒப்புதல் வாங்க ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரத்தில் அவர்கள் என் ஆர்டரில் பாதியைப் புனேயில் உள்ள ஒருவருக்குக் கொடுத்தார்கள். அதில் ஒரு பகுதி இன்றுவரை திரும்பவில்லை. சரக்குக்கு இழப்பீடு கேட்கலாம், போன இடத்தை யாரிடம் கேட்பது?

அந்தப் பொங்கலுக்குச் சம்பளமும் போனஸ் பாக்கியும் கொடுக்க அம்மாவின் வளையல்களை அடகு வைத்தேன். கடைக்குப் போகும்போது ஃபோர்மேன் எதிரில் வந்தார். பார்த்தும் பார்க்காததுபோல் தலையைத் திருப்பிக்கொண்டார். வங்கியில் நடந்ததும் கசப்புதான். மாதாந்தர இருப்பு அறிக்கையில் சரக்கு குறைந்ததும், சரக்கை ஈடாகக் காட்டி வாங்கும் கேஷ் கிரெடிட் கடனில் எடுக்கக்கூடிய தொகையும் குறைந்தது, பணம் மிகவும் தேவைப்பட்ட அதே மாதத்தில். முன்கூட்டியே மேலாளரைப் பார்த்துப் பேசியிருந்தால் சில வாரம் அவகாசம் கிடைத்திருக்கும் என்று அவரே பிறகு சொன்னார். கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது மார்ச்சில்தான். சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்காமல், ஆண்டு முடிந்தும் பாக்கி வைத்தால் வாங்கியவர் அதை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்ற வருமான வரித் திருத்தம் 2023–24 கணக்காண்டு முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. கேட்டுக் கேட்டுக் கிடைக்காத பழைய பாக்கிகள் மார்ச் 31க்கு முன்பு தாமாக வந்தன. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருந்தால்தான் இது உதவும். இன்னும் பதியாதவர்கள் பதிந்துவிடுங்கள், கட்டணமே இல்லை.

புது உலை பீன்யாவில் கிடைத்ததும் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். அடுத்த சோதனை அங்கேயே வந்தது. 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர் இல்லை. நகரத்தின் சுமார் 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாகத் துணை முதல்வர் டி.கே. சிவகுமாரே சொன்னார். மாவட்ட நிர்வாகம் ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் டேங்கருக்கு 1,000 ரூபாய் என்று விலை நிர்ணயித்தது. அந்த விலைக்கு வண்டி கிடைக்க வேண்டுமே! ஹீட் ட்ரீட்மென்ட் கூடத்துக்குக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். இல்லையென்றால் உலையைப் பற்றவைக்க முடியாது. ஏப்ரல் 28ஆம் தேதி வெயில் 38.5 டிகிரி. என் கிரைண்டிங் அறையில் தண்டைச் சூட்டோடு அளந்தால் அளவு ஒன்று காட்டுகிறது, ஆறிய பிறகு வேறொன்று. இருபது நிமிடம் ஆறவைத்து அளக்க வேண்டியிருந்ததால் ஷிப்டுக்கு வரும் எண்ணிக்கையே குறைந்தது. ஒரு பக்கம் வெள்ளம், மறுபக்கம் வறட்சி. இரண்டு இடமும் ஒரே வாரத்தில் முடங்குவது அரிது என்பதுதான் எனக்குக் கிடைத்த ஒரே தைரியம். அதனால் அம்பத்தூர் அண்ணனை விடவில்லை. அவருக்குப் போனது என்னைவிடப் பல மடங்கு. உலைக்கு உள்ளே கட்டியிருந்த செங்கல் முழுவதையும் மாற்றினார். புயல் மழை தொடங்கிய அந்த ஞாயிறு இரவு மின்சாரத்தை நிறுத்தி, சூடான சரக்கை வெளியே எடுத்த பிறகுதான் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். கொதிக்கும் உலைக்குள் வெள்ளம் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். என் தண்டுகளைவிட அதுதான் முக்கியம். அப்போது எனக்கு அது புரியவில்லை, அவர்மேல் கோபமாக இருந்தேன்.

இப்போது வேலை இருவருக்கும் பிரிந்து போகிறது. இரண்டாவது ஆளைத் தேடுபவர்கள் ஒன்றைப் பாருங்கள்: அவர் முதல் ஆள் இருக்கும் அதே பேட்டையிலோ, அதே கால்வாய்க் கரையிலோ, அதே டேங்கரையே நம்பியோ இருந்தால் அவர் இரண்டாவது ஆள் இல்லை. ஒப்புதலை வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே வாங்கிவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அம்பத்தூரில் என் சரக்கு நான்கு நாள் வேலைக்கு மேல் தங்குவதில்லை. முடிந்த ஸ்பூல்கள் 600 இங்கே எண்ணெய்த் தாளில் சுற்றி அலமாரியில் எப்போதும் இருக்கின்றன. இதற்கெல்லாம் பணம் முடங்குகிறது, லாரி நடை கூடுகிறது. ஒரு ஸ்பூலுக்கு ஒன்றரை ரூபாய் கூடுதலாக ஆகிறது என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

2024 அக்டோபர் 14, திங்கட்கிழமை. சென்னைக்கு மிகக் கனமழை எச்சரிக்கை என்றதும் காலை எட்டு மணிக்கே அண்ணனை அழைத்தேன். நான் வாய் திறப்பதற்குள் “வண்டி சொல்லியாயிற்று அம்மா, முடிந்ததும் முடியாததும் எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறேன்” என்றார். மறுநாள் லாரி பீன்யாவுக்கு வந்து சேர்ந்தபோது இங்கேயும் நல்ல மழை. தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ஆறு பேரும் நானுமாக 640 ஸ்பூல்களையும் நனையாமல் இறக்கினோம். அந்த லாரிக்கும் வாடகை 14,000தான்.

அதே மாதம் அந்தக் கேள்வித்தாள் மறுபடி வந்தது. இந்த முறை ‘ஆம்’ என்று குறியிட்டு, மூன்று முகவரிகளையும் எழுதி, சுவரில் உள்ள இரண்டு கோடுகளின் படத்தையும் இணைத்தேன். கூடவே, இந்த ஏற்பாட்டுக்கு ஆகும் ஒன்றரை ரூபாயை விலையில் ஏற்றித் தரும்படி தனியாக ஒரு கடிதமும் எழுதினேன். கேள்வித்தாளுக்கு நன்றி சொல்லிப் பதில் வந்தது. கடிதத்துக்கு இன்னும் வரவில்லை. இந்த வாரம் திரும்ப எழுதப் போகிறேன்.